கோடிட்ட இடத்தில்தான் பாடம் இருக்கிறது: ஆய்வெழுத்தைச் சட்டகம் வைத்துக் கற்பிக்க ஒரு வழிகாட்டி

முதுகலை இரண்டாம் ஆண்டு அசைன்மென்ட் கட்டு ஒன்றைத் திருத்த உட்கார்ந்தேன். 22 தாள்கள். ஐந்தாறு தாள் தாண்டியதும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுப் பென்சிலால் ஒரு கணக்குப் போட ஆரம்பித்தேன். ஏதாவது ஒரு பத்தி ‘என்பதை அறிய முடிகிறது’ என்று முடியும் தாள் எத்தனை? 17. கடைசிப் பத்தி ‘இவ்வாறாக’ என்று தொடங்குவது? 13. ‘கல்தோன்றி மண்தோன்றாக் காலத்தே’ என்று கிளம்புவது? 4. அதில் ஒன்று கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றியது.

டெம்ப்ளேட் கொடுத்தால் பிள்ளைகளின் சொந்தச் சிந்தனை கெட்டுவிடும் என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டுதான் ஞாபகம் வரும். அவர்கள் கையில் டெம்ப்ளேட் ஏற்கெனவே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பொதுக்கட்டுரைக்கு மனப்பாடம் செய்த முன்னுரை, நூலகத்தில் ஜெராக்ஸ் எடுத்த பழைய ஆய்வேடு, அண்ணன் அக்கா விட்டுப்போன நோட்டு எனப் பல இடங்களிலிருந்து அது வந்து சேர்ந்திருக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்காமல் வந்து ஒட்டிக்கொண்டது. நம் வேலை அதை நல்லதாக மாற்றிக் கொடுப்பது.

ஆய்வேடு எழுதப்போகும் மாணவர்களுக்குத் தமிழில் எழுதச் சொல்லித்தர முதல்முறை வகுப்புக்குப் போகும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். டெம்ப்ளேட்டுக்கு வகுப்பில் நான் சொல்லும் சொல் சட்டகம். வார்ப்புரு என்றும் சொல்கிறார்கள். கணினிக்காரர்களுக்கு அது பழகிய சொல். எப்படி அழைத்தாலும் பொருள் ஒன்றுதான்: கோடிட்ட இடங்களோடு கூடிய வாக்கியம். பள்ளித் தேர்வில் ‘கோடிட்ட இடத்தை நிரப்புக’ என்றால் சரியான விடை ஒன்றுதான். இங்கே அப்படியில்லை. கோட்டில் எதை வைப்பது என்று யோசிக்கிற அந்த இரண்டு நிமிடம்தான் வகுப்பு. இதை மட்டும் மறக்காமல் இருந்தால் மீதியை நீங்களே கண்டுபிடித்துக்கொள்வீர்கள்.

முதல் வகுப்பு: வேட்டை

முதல் நாளே சட்டகத்தை நீட்டாதீர்கள். துறை நூலகத்திலிருந்து பழைய ஆய்வேடுகள் ஐந்தாறு கொண்டுவந்து மேசையில் போடுங்கள். இரண்டு பேருக்கு ஒன்று. பொருளைப் படிக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் வாக்கிய வடிவங்களை மட்டும் பொறுக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் கரும்பலகை நிரம்பிவிடும். ‘ஆய்வின் நோக்கமாக அமைகிறது’, ‘ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது’, ‘என்பது புலனாகிறது’, ‘என்றால் அது மிகையாகாது’.

பிறகு ஒவ்வொன்றாகச் சுட்டி ஒரே கேள்வி: இதை எடுத்துவிட்டால் என்ன குறைகிறது? ‘மிகையாகாது’ போனால் ஒன்றும் குறையாது. ‘புலனாகிறது’ போனால் பெரும்பாலும் வாக்கியம் இளைத்து நன்றாகிறது. ஆனால் ‘இதற்கு மாறாக’ போனால் வாதமே விழுந்துவிடும். எடுத்தால் விழுவது தூண். எடுத்தாலும் நிற்பது தோரணம். இந்தப் பிரிவினையை மாணவர்களே செய்ய வேண்டும். நாம் சொன்னால் ‘சரிங்க ஐயா’ என்று எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

இதே வகுப்பில் ‘ஆய்வு முன்னோடிகள்’ என்ற பகுதியைத் தனியாக எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். நம் ஆய்வேடுகளில் அதிகம் நோய்வாய்ப்பட்டிருப்பது அதுதான். இன்னார் இந்த ஆண்டில் இந்தத் தலைப்பில் ஆய்வு செய்துள்ளார். இன்னொருவர் இன்னொரு தலைப்பில் ஆய்வு செய்துள்ளார். இப்படியே நாலு பக்கம். கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா, சித்தப்பா பெயர் அடுக்குவது போல. அவர்கள் என்ன சொன்னார்கள், யார் யாரோடு முரண்படுகிறார்கள், இந்த மாணவர் யார் பக்கம் என்று ஒரு வரியும் இருக்காது. அடுத்த வகுப்பின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

இரண்டாம் கட்டம்: ஏழு நிலைகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் இந்த முறையைப் பரப்பியவர்கள் ஜெரால்ட் கிராஃப், கேத்தி பிர்கன்ஸ்டைன் இருவரும். 2006இல் வெளியான அவர்களுடைய பாடநூலின் அடிப்படை எளிது: மற்றவர் சொல்வதை முதலில் சொல், பிறகு நீ சொல்வதைச் சொல். நல்ல நூல்தான். ஆனால் அதிலுள்ள ஆங்கில வாக்கியங்களைத் தமிழாக்கி வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். பிள்ளைகள் எழுதியது அரசாணை மாதிரி வந்தது. ஒரு வருடம் கஷ்டப்பட்ட பிறகுதான், இளங்கலையில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்த ஒரு நூற்பா உறைத்தது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி செய்த நன்னூலின் பாயிரத்தில் ‘எழுவகை மதம்’ என்று வருகிறது. மதம் என்றால் இங்கே கொள்கை, கருத்துநிலை. ஒரு நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தின் முன் எப்படியெல்லாம் நிற்கலாம் என்பதன் பட்டியல் அது. தமிழ் மாணவர் எல்லாருக்கும் நெட்டுருவாக வரும். பயன்படுத்தலாம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. தமிழ் படிக்காத மாணவருக்கும் ஐந்து நிமிடத்தில் விளக்கிவிடலாம்.

வகுப்பில் எல்லாருக்கும் பொதுவாக ஒரே ஒரு விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு தலைப்பு என்றால் யார் எழுதியது சரியென்று யாருக்கும் தெரியாது. நான் எடுத்துக்கொள்வது சிலப்பதிகாரக் காலம். விஷயம் இதுதான். வஞ்சியில் சேர மன்னன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த விழாவுக்கு வந்தவர்களில் ‘கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தனும்’ இருந்தான் என்கிறது வரந்தரு காதை. இலங்கை அரசர் வரிசையில் கஜபாகு என்று இருவர். முதலாமவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டு, இரண்டாமவர் 12ஆம் நூற்றாண்டு. பின்னவர் பொருந்தாது, ஆகவே முன்னவர், ஆகவே செங்குட்டுவன் 2ஆம் நூற்றாண்டு. வி. கனகசபை 1904இல் வெளியான தம் ஆங்கில நூலில் இதைச் சான்றாகக் கொண்டார். பலரும் பின்பற்றினார்கள். வையாபுரிப்பிள்ளை போன்றவர்கள் மொழிச் சான்றுகளைக் காட்டி நூலைப் பிற்காலத்துக்குக் கொண்டுபோனார்கள். இரு பக்கமும் ஆள் இருக்கிறது, சான்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும்?

இனி ஏழு நிலைகளும் சட்டகங்களும்.

உடன்படல். ‘____ என்று ____ கூறுவது பொருந்தும். அவர் காட்டாத ____ என்னும் சான்றும் அதையே உறுதிசெய்கிறது.’ இதில் இரண்டாம் வாக்கியம் கட்டாயம். சும்மா உடன்படுவது தலையாட்டல். புதிதாக ஒரு சான்றாவது கொண்டுவந்து வைத்தால்தான் அது ஆய்வு.

மறுத்தல். ‘____ என்பது ____ கருத்து. அதற்கு அவர் காட்டும் சான்று ____. அச்சான்று ____ என்பதை விளக்கவில்லை; ஆதலால் அக்கருத்து நிற்காது.’ நான்கு கோட்டில் மூன்றாவதைக் கவனியுங்கள். எதிராளியின் சான்றைச் சொல்லாமல் அவர் கருத்தை மட்டும் சொல்லி மறுப்பது நம் மேடைப் பழக்கம். சட்டகம் அதை விடாது.

பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல். எனக்கு இதில்தான் பிரியம் அதிகம். ‘____ என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் ____ ஆகியிருக்க வேண்டும். ஆனால் ____.’ எதிர்க்கருத்தைக் கொஞ்ச தூரம் தோளில் சுமந்துபோய்ப் பிறகு இறக்கிவைப்பது. வாய்ச்சண்டையில் நம் ஊரில் எல்லாருக்கும் இது வரும். ‘சரி, நீ சொல்றதுதான் நெசம்னே வச்சுக்க, அப்ப ஏன் அவன் அன்னிக்கு வரல?’ எழுத்தில் மட்டும் வராது.

தாஅன் நாட்டித் தனாது நிறுப்பு. ‘இக்கட்டுரை ____ என்று வாதிடுகிறது. அதற்கு அடிப்படை ____.’ நாட்டுவதும் நிறுத்துவதும் வேறு வேறு. கம்பை ஊன்றுவது நாட்டல்; மண் போட்டு மிதித்துக் காற்றுக்கு அசையாமல் ஆக்குவது நிறுத்தல். மாணவர் ஊன்றிவிட்டுப் போய்விடுவார்கள்.

இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு. ‘____ பற்றி இரு கருத்துகள் உள்ளன. ____ என்கிறார் ____; ____ என்கிறார் ____. இவ்விரண்டில் ____ ஏற்கத்தக்கது, ஏனெனில் ____.’ ஆய்வு முன்னோடிகள் பகுதிக்கு இதுதான் மருந்து. பெயர்ப் பட்டியலைக் கையில் கொடுத்து, யாரை யாரோடு எதிரெதிரே நிறுத்துவீர்கள் என்று கேளுங்கள். பாதிப் பேர் அன்றைக்குத்தான் அந்த நூல்களைத் திறப்பார்கள்.

பிறர்நூல் குற்றம் காட்டல். ‘____ ஐ விரிவாக ஆராயும் ____, ____ ஐக் கருத்தில் கொள்ளவில்லை. அதனால் ____ என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.’ குற்றம் என்ற சொல்லைக் கண்டு மிரள வேண்டாம். விடுபட்ட இடத்தைக் காட்டுவதும் இதில் அடங்கும். மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990இல் ஆய்வுக்கட்டுரை முன்னுரையின் அமைப்பை மூன்று நகர்வாகச் சொன்னார்: பரப்பைக் காட்டு, அதில் காலியிடத்தைக் காட்டு, அங்கே போய் உட்கார். நடு நகர்வு இந்தச் சட்டகம்தான்.

பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல். எவர் கருத்தோடும் சேராமல் தன் வழியே போவது. இதற்கு நான் சட்டகம் கொடுப்பதில்லை. முதலாண்டு மாணவர் இந்த இடத்துக்கு வந்தால் பெரும்பாலும் அவர் வேறு எதையும் படிக்கவில்லை என்று அர்த்தம்.

ஏழையும் ஒரே நாளில் இறக்கிவிடாதீர்கள். முதலில் ஐந்தாவது, பிறகு இரண்டாவது, பிறகு முதலாவது. உடன்படல் சுலபம் போலத் தெரியும். உண்மையில் மறுப்பதைவிடக் கஷ்டம். மூன்றாவதை எல்லாருக்கும் பிடிக்கும் என்பதால் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பத்தியும் ‘என்றே வைத்துக்கொள்வோம்’ ஆகிவிடும்.

மூன்றாம் கட்டம்: வாயால் நிரப்புதல்

நோட்டைத் திறக்கும் முன் வாயால் நிரப்பச் சொல்லுங்கள். பேசும்போது ஓட்டை உடனே தெரியும். ஒரு மாணவி மறுத்தல் சட்டகத்தை இப்படி நிரப்பினாள்: ‘சிலப்பதிகாரம் 2ஆம் நூற்றாண்டு என்பது கனகசபை கருத்து. அதற்கு அவர் காட்டும் சான்று கயவாகு. அச்சான்று சரியில்லை, ஆதலால் நிற்காது.’

“ஏன் சரியில்லை?” என்றேன்.

“பலர் சரியில்லன்னு சொல்லியிருக்காங்க, ஐயா.”

“நீ என்ன சொல்ற?”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “பெரியவங்க எழுதினத நம்ம மறுத்து எழுதலாங்களா ஐயா?” என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத் தயாராகப் போங்கள். சட்டகம் தெரியாதது தடையே இல்லை. இந்தக் கூச்சம்தான் தடை. நான் சேனாவரையரைக் காட்டுவேன். தொல்காப்பியச் சொல்லதிகார உரையில் தமக்கு முந்திய உரையாசிரியர் இளம்பூரணர் சொன்னதை எடுத்துச் சொல்லி, ‘அற்றன்று’ என்று மறுத்துக் காரணம் காட்டிக்கொண்டே போகிறார். ‘உரையாசிரியர்’ என்ற மரியாதையில் ஒரு எழுத்துக் குறைவதில்லை. திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் அப்படியே, ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று மாற்றுக் கருத்தைச் சொல்லிவிட்டு நகர்வார். பெரியவரை மறுப்பது நமக்கு இறக்குமதிச் சரக்கில்லை. சொல்லப்போனால் ‘எனின், அற்றன்று’ என்பதே நல்லதொரு சட்டகம்.

அந்த மாணவிக்கு, இலங்கையின் பழைய வரலாற்று நூலான மகாவம்சத்தின் தமிழ் மொழிபெயர்ப்பில் கஜபாகுவைப் பற்றிய பகுதியைக் காட்டி, ‘இதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, பார்த்துவா’ என்றேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். கஜபாகு கட்டிய விகாரைகள் இருக்கின்றன, வஞ்சிக்குப் போனதோ பத்தினி வழிபாடோ இல்லை என்றாள். இப்போது நாலாம் கோடு நிரம்பிவிட்டது: ‘அச்சான்று, கஜபாகுவைப் பேசும் மகாவம்சம் இந்த வருகையை ஏன் பேசவில்லை என்பதை விளக்கவில்லை.’

பக்கத்தில் இருந்த பையன் சும்மா இருக்கவில்லை. “ஐயா, வந்தான்னே வச்சுக்குவோம். வந்தா செங்குட்டுவன் காலம்தான தெரியும்? நூல் எழுதின காலம் எப்படித் தெரியும்?” மூன்றாம் சட்டகத்தை நான் இன்னும் கொடுக்கவே இல்லை. ‘இளங்கோ செங்குட்டுவன் தம்பிதான, ஒரே காலந்தான’ என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். அந்தச் செய்தி எங்கிருந்து வருகிறது, நூலுக்குள்ளிருந்தா வெளியிலிருந்தா என்று கிளம்பியது அடுத்த சண்டை. மணி அடித்தும் நிற்கவில்லை. அன்றைக்கு யாரும் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அதில் வருத்தம் இல்லை.

நான்காம் கட்டம்: வாக்கியத்தின் வால்

ஆங்கிலச் சட்டகத்தை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது என்றேனே, அதற்குக் காரணம் வினைமுற்று. ஆங்கிலத்தில் ‘இன்னார் வாதிடுகிறார்’ என்பது வாக்கியத் தலையில் வந்துவிடும். தமிழில் அது வாலில் வரும். நடுவில் நாலு வரிக் கருத்து. வால் வருவதற்குள் இது யார் சொன்னது என்று படிப்பவருக்கு மறந்துவிடும். எழுதுகிறவருக்கும் மறந்து, வேறு எழுவாய்க்கு வினை போட்டு முடித்திருப்பார். இதற்கு இரண்டு வழிகள். ஒன்று, ‘கனகசபையின் வாதம் இது:’ என்று முன்னால் நட்டுவிட்டுக் கருத்தைத் தனி வாக்கியங்களாகச் சொல்வது. இன்னொன்று, ஒரு ‘என்று’வுக்குள் ஒரு கருத்துக்கு மேல் திணிக்காமல் இருப்பது.

வால்தான் எழுதுகிறவரின் நிலையையும் காட்டுகிறது. ஒரே வாக்கியத்தை மூன்று வாலோடு பலகையில் எழுதிப் போடுங்கள்:

கயவாகு முதலாம் கஜபாகுவே என்று கனகசபை கருதுகிறார்.
கயவாகு முதலாம் கஜபாகுவே என்று கனகசபை நிறுவுகிறார்.
கயவாகு முதலாம் கஜபாகுவே என்று கனகசபை கொள்கிறார்.

இரண்டாவதை எழுதியவர் கனகசபையோடு உடன்பட்டுவிட்டார். அடுத்த பத்தியில் மறுத்தால் மாட்டிக்கொள்வார். முதலாவதில் நடுநிலை. மூன்றாவதில் ‘சான்று பத்தாது, ஆனாலும் எடுத்துக்கொள்கிறார்’ என்ற மெல்லிய இடிப்பு. மாணவர் எல்லா இடத்திலும் ‘கூறுகிறார்’ என்றே போடுவார்கள், அல்லது மரியாதைக்காக ‘நிறுவியுள்ளார்’ என்பார்கள். வாதிடுகிறார், சுட்டுகிறார், ஊகிக்கிறார், ஐயுறுகிறார், ஒப்புக்கொள்கிறார், வலியுறுத்துகிறார், விட்டுவிடுகிறார் எனப் பத்துப் பன்னிரண்டு வினைகளைச் சுவரில் ஒட்டிவையுங்கள். எது எப்போது என்பதை ஒவ்வொரு கட்டுரையிலும் சண்டை போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தம் கருத்துக்கும் இதே கதை. ‘எனலாம்’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் பூசி மெழுகிவிடுகிறார்கள். ஆகும், தெரிகிறது, இருக்கக்கூடும், போலும் என்று உறுதி படிப்படியாகக் குறையும் ஏணி தமிழில் இருக்கிறது. கையில் உள்ள சான்றுக்கு எந்தப் படியில் நிற்கலாம் என்று கேளுங்கள்.

இன்னொன்று: நம் ஆய்வேடுகளில் எழுதுகிறவர் தம்மையே ‘ஆய்வாளர்’ என்று படர்க்கையில் சொல்லும் வழக்கம். முன்னால் மூன்று ஆய்வாளர்களைப் பற்றிப் பேசிவிட்டு ‘ஆய்வாளர் கருதுகிறார்’ என்றால் எந்த ஆய்வாளர்? ‘நான்’ எழுத நெறியாளர் விடவில்லை என்றால் ‘இவ்வாய்வு’ என்று போடலாம். பிழையில்லை.

ஐந்தாம் கட்டம்: மற்ற சட்டகங்கள், சுருக்கமாக

முன்னுரைக்குத் தனியாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். சிறப்புப் பாயிரத்துக்கு நன்னூல் சொல்லும் எட்டும் போதும்: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என மூன்றைச் சேர்ப்பாரும் உளர் என்று அதுவே சொல்கிறது. ‘எல்லை’ அந்தக் காலத்தில் நூல் வழங்கும் நிலப்பரப்பு. இன்றைக்கு ‘ஆய்வு எல்லை’ என்று வேறு பொருளில் வைத்துக்கொண்டோம், கெட்டுப்போகவில்லை. இதில் மாணவர் எப்போதும் விடுவது ‘கேட்போர்’. யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு வரி எழுதச் சொன்னால், எதை விளக்க வேண்டும், எதை விளக்க வேண்டாம் என்பது பாதி தீர்ந்துவிடும்.

கள ஆய்வு செய்யும் மாணவருக்கு அட்டவணைச் சட்டகம் ஒன்று வேண்டும். ‘அட்டவணை ____ காட்டுவது ____. இதில் கவனிக்க வேண்டியது ____. இதற்குக் காரணம் ____ ஆக இருக்கலாம். ____ என்பதையும் ஒதுக்கிவிட முடியாது.’ கண்மாய்ப் பாசனம் பற்றி ஊரில் 40 பேரைக் கேட்டு வந்த மாணவர், அட்டவணையில் உள்ள எல்லா எண்ணையும் கீழே மறுபடி வாக்கியமாக எழுதியிருப்பார். ‘கவனிக்க வேண்டியது’ என்ற ஒரு கோடு அதை நிறுத்திவிடும். மேல்மடைக்காரர் ஒரு விதமாகவும் கடைமடைக்காரர் வேறு விதமாகவும் பதில் சொல்லியிருந்தால், அதுதான் செய்தி. மீதி எண்கள் அட்டவணையிலேயே இருக்கட்டும்.

‘இது காப்பி ஆகாதா, ஐயா?’

கட்டாயம் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத் திருட்டுத் தடுப்பு விதிகளைக் காட்டிப் பேசுங்கள். 10 விழுக்காடு வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு தடை. 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. அதே விதிகளில், பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துவரும் தொடர்கள் தொடர்ந்து 14 சொற்கள் வரை கணக்கில் சேராது என்றும் இருக்கிறது. ‘இவ்விரண்டில் ஏற்கத்தக்கது’ என்பது இரண்டு சொல். அது யாருடைய சொத்தும் இல்லை. கோட்டுக்குள் வருவதுதான் சொத்து. அது பிறருடையது என்றால் பெயரும் பக்க எண்ணும் போட வேண்டும்.

ஆகவே என் வகுப்பில் ஒரு விதி: பக்க எண் இல்லாத கோடு நிரம்பாத கோடு. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் சட்டகத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கிவரும் பிள்ளைகளுக்கும் இதுவே பதில். அது அழகாக நிரப்பும். சொன்ன பக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கே அந்த வரி இருக்காது. இரண்டு முறை வகுப்பில் எல்லார் முன்னிலும் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் போதும், மூன்றாம் முறைக்கு வேலை இருக்காது.

சென்டரிங் பிரிக்கும் நாள்

தளம் போடும்போது அடியில் பலகை அடித்துச் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுப்பார்கள். கான்கிரீட் இறுகும் முன் பிரித்தால் தளம் இறங்கும். பிரிக்காமலே விட்டால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. சட்டகத்துக்கும் பிரிக்கும் நாள் ஒன்று உண்டு. பருவத்தின் ஏழாம், எட்டாம் வாரம் வாக்கில் அது வரும். அடையாளம் எளிது: பத்திக்குப் பத்தி ‘இரு கருத்துகள் உள்ளன’ என்று வர ஆரம்பிக்கும். சில சமயம் இல்லாத இரண்டாம் கருத்தைக்கூட உண்டாக்கிவிடுவார்கள், சட்டகம் கேட்கிறதே என்று. அன்றைக்கே பிரிக்க வேண்டும்.

எப்படி? கட்டுரையை மாற்றிக்கொண்டு, அடுத்தவர் தாளில் சட்டகச் சொற்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். வட்டத்தில் பாதியையாவது அழித்துவிட்டு, வாதம் விழாமல் திரும்ப எழுத வேண்டும். ‘சிலப்பதிகாரக் காலம் பற்றி இரு கருத்துகள் உள்ளன. 2ஆம் நூற்றாண்டு என்கிறார் கனகசபை, அதற்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்கிறார் வையாபுரிப்பிள்ளை’ என்று எழுதியிருந்தவள் பிறகு எழுதியது: ‘கயவாகு என்ற ஒரு பெயரை நம்பிக் கனகசபை நூலை 2ஆம் நூற்றாண்டில் வைத்தார், நூலின் மொழியை நம்பிய வையாபுரிப்பிள்ளைக்கு அந்தப் பெயர் போதவில்லை.’ இரண்டு கருத்து என்று சொல்லவே இல்லை, இரண்டும் எதிரெதிரே நிற்கின்றன. மாறுகோளும் காரணமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன.

எல்லாருக்கும் ஒரே வாரத்தில் பிரிக்க முடியாது. மெதுவாக இறுகுகிறவர்களுக்கு இன்னும் சில வாரம் முட்டு இருக்கட்டும். ஒருவருக்குப் பருவம் முழுக்கத் தேவைப்பட்டது. அவர் ஆய்வேட்டில் சட்டகம் அப்படியே தெரிந்தது. ஆனாலும் அவர் என்ன சொல்ல வருகிறார் என்பது முதல் பக்கத்திலேயே புரிந்தது. முந்தைய ஆண்டுத் தாள்களில் எனக்கு அது கிடைத்ததில்லை.

திருத்துவது

விடைத்தாள் ஓரத்தில் ‘தெளிவில்லை’, ‘இன்னும் விரிவாக’ என்று எழுதுவதால் பயனில்லை. எழுவகை மதத்தை அடுத்தே நன்னூலில் பத்துக் குற்றம் வருகிறது. அதையே குறியீடாக்கிவிட்டேன். கூ.கூ. என்றால் கூறியது கூறல். ம.வி. என்றால் மற்றொன்று விரித்தல். கயவாகுவில் தொடங்கிக் கடல் வணிகத்தில் போய் நிற்கும் பத்திக்கு. மா.கூ. மாறுகொளக் கூறல், மேலே ‘நிறுவுகிறார்’ என்று போட்டுவிட்டுக் கீழே மறுத்தவருக்கு. வெ.தொ. வெற்றெனத் தொடுத்தல், பொருளில்லாமல் வெறும் சொல்லாக அடுக்கியதற்கு. செ.தே. சென்று தேய்ந்திறுதல், முதல் பக்கம் முரசு, கடைசிப் பக்கம் முணுமுணுப்பு. ஒரு தாளில் மூன்று குறிக்கு மேல் போடுவதில்லை. போட்டால் எதையும் திருத்தமாட்டார்கள். குறியீட்டின் விரிவைக் கட்டுரையில் எழுதிக்கொடுக்க வேண்டாம், வகுப்பில் ஒருமுறை சொன்னால் போதும். விடுதியில் செய்தி கேட்டு இழுத்துப் பேசுகிறவனைப் பார்த்து ‘டேய், ம.வி.’ என்று கத்துகிற அளவுக்கு அது சீக்கிரம் பரவிவிடும்.

சட்டகங்களை முதலில் நான்கு பக்கக் கையேடாக அச்சடித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு சட்டகத்துக்கும் விளக்கம், விளக்கத்துக்கு எடுத்துக்காட்டு, எடுத்துக்காட்டுக்குக் குறிப்பு. பருவம் முடியும் சமயத்தில் அதன் பிரதி ஒன்று என் மேசையில் கிடந்தது. ஓரத்தில் பென்சிலால் ஏழு இடத்தில் கூ.கூ., மூன்று இடத்தில் மி.கூ.; மிகைபடக் கூறலுக்கு நான் குறியீடே வைத்திருக்கவில்லை. யார் வேலை என்று விசாரிக்கவில்லை. அவர்கள் குறித்த இடங்களை அடித்துப் பார்த்தேன், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கிவிட்டது. இப்போது அந்த ஒரு பக்கம்தான் கொடுக்கிறேன். பின்பக்கம் காலியாக இருக்கும், அவர்களே கண்டுபிடிக்கும் சட்டகங்களை எழுதிக்கொள்ள.